கரிப்புகை நட்சத்திரம்

ஆபரேஷன் செய்த கண்களின் கட்டைப் பிரிக்கும்போது தெரிகிறதா என்று யாரும் கேட்கக் கூடாது, குழந்தையே சொல்லட்டும் என்றிருந்தார் டாக்டர். அதனால் அப்பா ஏதோ ஒரு விசித்திர நட்சத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“மத்த நட்சத்திரத்துல எல்லாம் ஹைட்ரஜன்தான் நிறைய, அமுதினி. இதுல அது ரொம்பக் கம்மி, கரி ஜாஸ்தி. திடீர்னு அது கக்கற கரிப்புகையே அதை மூடிடும்.”

“அணைஞ்சிடுமா?”

“இல்லடா. உள்ளே எரிஞ்சிட்டுத்தான் இருக்கும். புகை விலகினா பழையபடி தெரியும்.”

“எப்பப்பா விலகும்?”

“அதை யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.”

கடைசிப் பஞ்சும் வந்துவிட்டது. இமைகள் மெல்லத் திறந்தன. குழந்தை அசையவில்லை.

“அம்மா, முந்தானையை ஏன் வாயில திணிச்சிருக்க?” என்றாள் அமுதினி.