மௌனத்தில் கிடைத்தது

தக்காளித் தோட்டத்து வேப்பமரத்தடியில் கண்ணை மூடித் தன்னைத்தானே கவனித்துக்கொண்டிருந்த வீரமணி, துள்ளி எழுந்தான். மூச்சிரைக்க ஓடி வந்தாள் மனைவி எழிலரசி.

“என்னங்க, அந்த...”

“இரு எழிலு! எங்கிட்ட இருக்கிற பெரிய குறையக் கண்டுபுடிச்சுட்டேன்!”

“சரிங்க, மொதல்ல...”

“குறுக்க பேசாத! எத்தன நாளாத் தேடுனேன் தெரியுமா? ஒடம்பே சிலிர்க்குது!”

“ஐயோ, நான் சொல்றத...”

“முடிச்சிடறேன் இரு. நான் யாரையும் பேசவே வுடறதில்ல எழிலு! இன்னையோட அத வுட்டுட்டேன். இப்ப நீ சொல்லு, எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்.”

எழிலரசி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“தண்ணி பாய்ச்ச, மோட்டார் ஓட்டுற த்ரீ பேஸ் கரண்டு இன்னைக்குக் கொஞ்ச நேரந்தான் வந்துச்சு. உங்க இடுப்புல இருக்கிற மோட்டார் ரூம் சாவியக் கேக்க ஓடி வந்தேன். அதோ பாருங்க, மோட்டார் ரூம் வாசல்ல எரிஞ்ச லைட்டு அணைஞ்சிடுச்சு, கரண்டு போயிடுச்சு. இனி நாளைக்குத்தான்.”