நிலுவையிலுள்ள பிள்ளைகள்

"கையெழுத்து நீல மையில இருக்கு. கறுப்பு மையில வேணும். நாளைக்கு வாங்க."

எழுதுவினைஞர் லெட்சுமணன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். தர்ஷிகா மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டாள்.

உள்மேசையிலிருந்த யசோதினிக்கு இரத்தம் கொதித்தது. கண்டியை அடுத்த அந்த அலுவலகத்துக்கு அவர் பொறுப்பதிகாரியாக வந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன. தம் பணிக்காலத்தில் ஒரு கோப்பிலும் ஓர் எழுத்துப் பிழை விட்டறியாதவர்.

வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு, பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கென அரசாங்கம் வழங்கும் உதவிப் பணத்துக்கான விண்ணப்பம் அது. நான்கு நாளும் தர்ஷிகா தன் இரண்டு வயது மகளை இடுப்பில் சுமந்து வந்தாள். நான்கு நாளும் வெறுங்கையோடு திரும்பினாள்.

திங்களன்று, "போட்டோவில புள்ள சிரிக்குது. படிவத்துல சிரிக்கக்கூடாது" என்றார் லெட்சுமணன்.

செவ்வாயன்று வேறு படம் வந்தது. "இதுல அழுவுது. நாளைக்கு வாங்க."

புதனன்று, குழந்தை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "காது தெரியல."

மூன்று நாளும் அவர் கண்ணில் படாத நீல மை, இன்று வியாழக்கிழமை பட்டுவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான் போலும்!

"லெட்சுமணன், உங்களுக்கு மனசில ஈரமே இல்லையா?" என்று கேட்டேவிட்டார் யசோதினி.

"சட்டம் சட்டந்தானே, மிஸ்."

அப்போது யசோதினியின் கைப்பேசி சிணுங்கியது. மகன் தினுஷனைப் பார்த்துக்கொள்ளும் டேகெயாரிலிருந்து செய்தி: அடுத்த மாதம் முதல் கட்டணம் கூடுகிறது. ஏற்கெனவே சம்பளத்தில் பாதி அங்கேதான் கரைந்துகொண்டிருந்தது. பெருமூச்சை விழுங்கிக்கொண்டு எழுந்தார்.

"தர்ஷிகா, அந்தப் படிவத்தை இங்க குடுங்க."

"வேணாம் மிஸ். நான் நாளைக்கே வர்றேன்."

"குடுங்கன்னு சொல்றேன்!"

ஒரு வரி விடாமல் வாசித்தார். நீல மையென்ன, பச்சை மையென்ன? கையொப்பமிட்டு, 'அங்கீகரிக்கப்பட்டது' என்னும் முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேசையே அதிர்ந்தது.

தர்ஷிகா ஓவென்று அழுதாள்.

ஆனந்தக் கண்ணீர் என்றெண்ணி, யசோதினி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதற்குள் வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் தத்தம் படிவங்களைப் பைக்குள் திணித்து மறைத்தனர். "எனக்கு அவசரமே இல்ல மிஸ்!" என்று கூவிக்கொண்டே ஒருத்தி வாசலைத் தாண்டி ஓடினாள்.

"என்னம்மா இது? காசு கிடைக்கப் போகுது, எதுக்கு அழுவுறீங்க?"

"காசு கிடைக்கும் மிஸ். புள்ளைய எங்க விடுறது? அந்தக் காசு டேகெயாருக்கு ஆறு நாளைக்குத்தான் காணும். மிச்ச நாளைக்கு லீவு போட்டா, துணிக்கடை முதலாளி வேற ஆளைப் போட்டுருவாரு."

"இவ்வளவு நாளும் எங்க விட்டீங்க?"

மூக்கை உறிஞ்சியபடி, தர்ஷிகா அலுவலகத்தின் பின்கதவைக் காட்டினாள்.

யசோதினி போய்த் திறந்தார். கோப்பு அலுமாரிகளுக்கு நடுவே நான்கு சேலைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஏழெட்டுப் பிள்ளைகள் பழைய கோப்பு அட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பேச்சியம்மா ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்.

"மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில இருவது வருசம் புள்ள பாத்தவ மிஸ் நான்" என்றார் பேச்சியம்மா. "கொழுந்தெடுக்கப் போற தாய்மாருங்க விட்டுட்டுப் போவாங்க. டவுன்ல வேலைக்குப் போறவளுக்குத்தான் அப்படி ஒண்ணு இல்ல."

சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கியது: 'விண்ணப்பம் நிலுவையிலுள்ளோரின் பிள்ளைகள் மட்டும் இங்கு தங்கலாம்.'

"வரிசையில நிக்கிறவங்களுக்காகக் குடுத்த ரூம் மிஸ்." பின்னால் வந்து நின்ற லெட்சுமணன் தலையைச் சொறிந்தார். "படிவம் சரியாப் போச்சுன்னா புள்ளைக்கு எடமில்ல. அதான், சரியாப் போகாமப் பாத்துக்கிறேன். நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

"எவ்வளவு நாளா?"

"தர்ஷிகாவோட படிவம் ஏழு மாசமா நிலுவையில இருக்கு மிஸ். இனிமே சொல்றதுக்குப் பிழையே இல்லாமத்தான் நேத்து காதுக்குப் போனேன்."

யசோதினி மேசைக்குத் திரும்பி, படிவத்தைக் கையிலெடுத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"முத்திரை சாய்ஞ்சு விழுந்திருக்கு. இது செல்லாது. நாளைக்கு வாங்க, தர்ஷிகா."

தர்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

மறுநாட்காலை, வரிசையின் கடைசியில் யசோதினியே நின்றார். ஒரு கையில் தினுஷன்; மறு கையில் விண்ணப்பம்.

லெட்சுமணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். கறுப்பு மை. இரண்டு காதும் தெரியும் படம். ஒரு முற்றுப்புள்ளிகூட இடம் மாறவில்லை.

"என்ன மிஸ் இது? ஒரு பிழையும் இல்லையே!"

"எவ்வளவோ முயற்சி பண்ணினேன், லெட்சுமணன்." யசோதினி தினுஷனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பிழையா எழுதக் கை வரல."

லெட்சுமணன் சற்று யோசித்தார். பிறகு தம் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, படிவத்தின் நட்டநடுவே வைத்து, மெல்ல எடுத்தார்.

"அடடா, கறை பட்டிருச்சே! நாளைக்கு வாங்க, மிஸ்."