செருப்பு வார்

அவர் படியேறத் தொடங்கிவிட்டார்.

அவளைக் கேட்கவில்லை. கைப்பிடிக் கம்பியைத் தேடவில்லை. செங்கல்பட்டு வண்டி வரப்போகிறது என்று ஒலிபெருக்கி சொன்னதுதான் தாமதம், ரயில் நிலைய மேம்பாலத்தின் முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

"ஏங்க, அடுத்த வண்டியில போலாம்."

"இந்த வண்டியே."

திரும்பாமல் சொன்னார். குரலில் இளைப்பு இல்லை.

அவள் கண்ணுக்கு நேராக அவருடைய ஷூக்கள் ஏறிக்கொண்டிருந்தன. துணி ஷூ. நாடா கிடையாது, வார் கிடையாது. குனிந்தால் அவருக்கு மூச்சு முட்டும் என்பதால், நின்றபடியே காலை நுழைத்துக்கொள்ளும்படி அவள் தேடி வாங்கியது.

காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் மருத்துவமனையில் நடந்து காட்டினார். நடக்க நடக்க, அவள் வெளியே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய விரல் நீலமாகிப்போனது.

இதுவும் பலிக்கவில்லை என்றால் வேறு வழி இல்லை. குழாய் வைத்து அடைப்பை எடுக்க முடியாது, பைபாஸுக்கும் இடமில்லை என்று எல்லோரும் கைவிரித்த இதயம் அது. இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து அவருடைய ஸ்டெம் செல்களையே எடுத்து, ரத்தம் போய்ச் சேராத இதயத் தசையில் ஊசியால் இறக்கியிருந்தார்கள். இன்னும் ஆய்வில் இருக்கும் சிகிச்சை. எல்லோருக்கும் கேட்காது என்று டாக்டர் ஜெசிந்தா முன்பே சொல்லியிருந்தார்.

இன்று அதே ஜெசிந்தா, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பழையதில் ஒரு கறுப்புத் திட்டு.

புதியதில் அந்தத் திட்டின் ஓரமெல்லாம் ஆரஞ்சு.

அங்கே ரத்தம் போகிறது என்றார் டாக்டர். படத்தில்கூடத் தெரியாத அளவுக்கு மெல்லிய புது நாளங்கள் முளைத்திருக்க வேண்டும் என்றார்.

உள்ளே போன செல்கள்தான் நாளங்களாக மாறிவிட்டனவா என்று அவர் கேட்டார்.

இல்லையாம். அவற்றில் பெரும்பாலானவை அங்கே தங்குவதே இல்லையாம். பக்கத்தில் தூங்கிக் கிடப்பவற்றைத் தட்டி எழுப்பிவிட்டு, தாம் வந்த சுவடே தெரியாமல் போய்விடுமாம்.

அப்போது அவர் ஏனோ இவளைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது பார்க்க நேரமில்லை அவருக்கு. ஏறிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் படிகள் அவளுக்கு மனப்பாடம். எந்தப் படியில் அவர் முகம் வெளுக்கும், எந்தப் படியில் உதடு பிரியும், எல்லாம் தெரியும். ஆனால் நிற்கலாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராது. அதனால் நிற்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள்.

செருப்பு வார் கழன்றுவிட்டது என்பாள். குனிந்து, கழலாத வாரை நிதானமாக மாட்டுவாள். அவர் மூச்சு சீராகும் சத்தம் காதில் விழுந்த பிறகே நிமிர்வாள்.

இது என்ன செருப்பு என்று அவர் சலித்துக்கொள்வார். இரண்டு முறை புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். அவற்றின் வாரும் அதே படியில் கழன்றது.

அந்தப் படி வந்தது.

அவர் கடந்துவிட்டார்.

பாதி வழியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கொய்யாப்பழக்காரி பச்சையம்மா, வழக்கம்போல் கத்தியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர்கள் நின்று பேரம் பேசும் இடம் அது. பழம் வேண்டும் என்பதற்காக அவள் பேரம் பேசியதே இல்லை. வீட்டில் கொய்யா கனிந்து வீணாகும்.

அவர் பச்சையம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேலே போனார்.

"இன்னாக்கா, அண்ணன் இன்னிக்கு பிரேக்கே புடிக்காம போறாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் கரித்தது.

மூன்று படி ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கியது, அவளுக்குத்தான். இத்தனை நாளும் அவருடைய வேகத்திலேயே நடந்து நடந்து, தன் வேகம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை.

நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. அவர் ஏறட்டும். இந்தப் படிகள் தீரவே தீராமல் அவர் ஏறிக்கொண்டே இருக்கட்டும்.

மேலே அவர் கடைசிப் படியில் நின்றார்.

பாலம் அதிர்ந்தது. செங்கல்பட்டு வண்டி நடைமேடைக்குள் வந்துகொண்டிருந்தது. எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். இன்றைக்கு அவரால் முடியும்.

அவர் வண்டியைப் பார்த்தார்.

பிறகு, கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

இறங்கி வந்தார். அவளுக்கு ஒரு படி மேலே நின்றார். என்னவென்று கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இரு," என்றார். "செருப்பு வார் கழண்டுடுச்சு."

குனிந்தார். அந்தத் துணி ஷூவின் மேல், இல்லாத வாரை நிதானமாக மாட்டத் தொடங்கினார்.

கீழே வண்டி கிளம்பிப் போனது.

அவர் இன்னும் மாட்டி முடிக்கவில்லை.