அறுந்த வார்

கோடை விடுமுறை முழுக்க ஷீலா தன் குதிரை சாரல்மீது ஏறி மலைப்பாதையில் சுற்றினாள். பின்னாலேயே ஓடி நாக்குத் தள்ளிய பூச்சி என்ற அவள் நாய்க்கு வயிறெரிந்தது.

"என்னை எப்பவாவது உன்னைக் கொஞ்சுற மாதிரி கொஞ்சுறாளா?" என்றது பூச்சி.

"நீ அவ கட்டிலுக்குக் கீழே தூங்குறே. நான் அந்த வீட்டுக்குள்ள போனதே இல்லை," என்றது சாரல்.

பூச்சி அதைக் காதில் வாங்கவில்லை. ஒருநாள் மதியம் ஓடையில் ஷீலா சாரலைக் குளிப்பாட்டி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடினாள். அந்த நேரம் பார்த்துப் பூச்சி, கரையில் கழற்றி வைத்திருந்த சேணத்தின் வாரை அடிப்பக்கமாகக் கடித்து வைத்தது.

திரும்பும் வழியில், இறக்கத்தில் வார் அறுந்தது. ஷீலா சேணத்தோடு பாறையில் விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. பூச்சி ஊளையிட்டபடி ஓடிவந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லடா தங்கம், நீ அழாதே," என்று ஷீலா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, உன்மேல அவளுக்கு எவ்வளவு பாசம்!" என்றது சாரல், மனதார.

பூச்சி தலையை நிமிர்த்தவே இல்லை.