கடைக்கு வந்த சோதனை அழைப்பு

அப்போதெல்லாம் தேடுபொறி இணையதளத்தைப் படிப்பதோடு விடுவதில்லை. வாடிக்கையாளர் குரலில் கடைக்கே போன் போட்டு, தளத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்கும். பொய்யென்று பட்டால், அந்தக் கடையின் பெயரை யாருக்கும் சொல்லாது.

ஆம்பூரில் வாட்டர் பியூரிஃபையர் பழுதுபார்க்கும் தங்கள் கடைக்குத் தளம் நடத்தியவள் சபீனா. முசுடான கணவன் இத்ரீஸைப் போன் பக்கமே விடமாட்டாள். அன்று அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வந்த அழைப்பை அவன் எடுத்துவிட்டான்.

“தண்ணி மெதுவா வந்தா மெஷினை எதுக்குங்க மாத்தணும்? ஃபில்டரைக் கழுவிப் போடுங்க, போதும். நாங்க வரவே வேணாம்.”

அவன் வைத்ததும் திரையில் ‘சோதனை முடிந்தது’ என்று வந்தது. அவன் பேசியதைக் கேட்டபடியே வந்த சபீனா அதைப் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுக்கே வந்து பாப்போம்னு போட்டிருக்கேன். வரமாட்டேன்னுட்டீங்களே! இனிமே யாருங்க நம்மளக் கூப்பிடுவா?”

“தேவையில்லாம எப்படிம்மா போறது?” என்றான் இத்ரீஸ், பாவமாக.

மதியம் முடிவு வந்தது. ‘வீண் செலவு வைக்கமாட்டோம் என்று தளத்தில் சொல்கிறார்கள். அப்படியே நடக்கிறார்கள்.’ ஊரில் முதல் பெயராக அவர்கள் கடையைத்தான் தேடுபொறி இனி சொல்லுமாம்.

சபீனா அதை இரண்டு முறை படித்தாள். அப்புறம்தான் அவளுக்குப் பசித்தது.

“ஏங்க, வாங்க, சாப்பிடலாம்.”