அம்பயர் பார்த்தது

கடைசிப் பந்து. லோடிங் பிரிவு ஜெயிக்க ஐந்து ரன் வேண்டும்.

ஜெகன் தூக்கி அடித்தான். எல்லைக்கோட்டை நோக்கிப் பின்பக்கமாகவே ஓடிய எதிரணி சாம்சன், எம்பி, ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்துவிட்டான்.

பிடித்த பந்தோடு மண்ணில் விழுந்து அவன் நிமிர்ந்தபோது, அம்பயர் பரசுராமன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி நின்றிருந்தார்.

சிக்ஸர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பொட்டலில் ஒரே கூச்சல். அத்தனை பேரும் ஒரே கம்பி ஆலையில் வேலை செய்பவர்கள்தான். லோடிங் ஆட்கள் ஜெகனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். உலையில் வேலை செய்யும் ஃபர்னஸ் ஆட்கள் அம்பயரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கால் கோட்டுக்கு உள்ளதான் இருந்துச்சு, நான் பார்த்துக்கினே இருந்தேன்!" என்று கத்தினான் ஃபர்னஸ் அணித் தலைவன் லோகு. அவன் நின்றிருந்ததோ எதிர்க்கோடியில்.

குதிகால் கோட்டை மிதித்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஜெகன் தோளில் இருந்தபடியே சத்தியம் செய்தான்.

இரண்டு செல்போன்களில் வீடியோ இருந்தது. ரயில் பாதைப் பக்கமிருந்து எடுத்ததில் குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே விரலளவு இடைவெளி. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து எடுத்ததில் குதிகால் கோட்டின் மேலேயே. அதே பந்து, அதே கால்.

காலுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியவில்லை. சாம்சன் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். போன வருட இறுதிப் போட்டியில், கைக்கு வந்த சுலபமான பந்தை அவன் கோட்டைவிட்டிருந்தான். அன்றிலிருந்து ஆலையில் அவன் பெயர் ஓட்டைக் கை. கேன்டீனில் தோசை போடுகிற அம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டது. இன்று பிடித்தது செல்லும் என்றால் அந்தப் பெயர் இன்றோடு ஒழியும்.

பரசுராமன் ஆலையில் கிரேன் ஓட்டுபவர். ஒன்றைப் பத்து தரம் பார்க்காமல் கை வைக்கமாட்டார் என்றுதான் இரண்டு அணியும் சேர்ந்து அவரை அம்பயராக நிற்கவைத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், லாரி நிழலில் தனியாக உட்கார்ந்தார்.

சாம்சன் பின்னாலேயே போனான். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணா, முடிவ மாத்தச் சொல்லல. என் கால் பட்டுச்சா இல்லியா? நீங்க இன்னா பார்த்தீங்களோ அத்த மட்டும் சொல்லுங்க."

பரசுராமன் தன் செல்போனை நீட்டினார்.

மூன்றாவது வீடியோ என்று நினைத்துக் குனிந்தான் சாம்சன்.

துண்டில் சுற்றிய ஒரு குழந்தை. கண்ணை இறுக மூடி, முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு நர்மதாவுக்குப் பொறந்தது, நைனா. கல்யாணமாகி ஒம்பது வருஷம். திருவள்ளூர் ஆஸ்பத்திரிலேர்ந்து மருமவன் அனுப்பிச்சான். காலைலேர்ந்து போனைக் கையிலயே வெச்சினு நின்னேனா, கரெக்டா ஜெகன் அடிச்ச நேரம் இந்தப் படம் வந்துச்சு. பந்தும் தெரியல, உன் காலும் தெரியல. தணிகை முருகான்னு ரெண்டு கையும் தூக்கிக் கும்புட்டேன். அதுக்குள்ள சிக்ஸுன்னுட்டானுங்க. தப்பு என்மேலதான். வா, எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்."

எழுந்தவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தான் சாம்சன். போனை வாங்கி மறுபடி பார்த்தான். பொங்கி வந்த சிரிப்பை அவனால் அடக்க முடியவில்லை. அந்தப் பழைய பெயர் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

"இன்னாடா சொல்றாரு?" தூரத்திலிருந்து லோகு கேட்டான்.

"சிக்ஸ்தான்டா!" என்று திரும்பிக் கத்தினான் சாம்சன். "கண்ணாரப் பார்த்தாராம்!"