ஓரத்தில் பென்சிலால்

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பாவி' என்று எழுதினாள்.

நூலகப் புத்தகம். எழுதக் கூடாதுதான். ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கோ ஒரு பனி நாட்டில், என்றோ வெடித்த அணு உலை. பிழைத்தவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்த புத்தகம் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் பேசுகிறவள் உலை ஊழியனின் மனைவி. ஊருக்குத் தெரியும் முன்பே கணவன் அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டான். மகனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன், என்கிறாள்.

வேலிக்கு அப்பால் மூன்று குழந்தைகள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா?

போன் அடித்தது.

கணவனின் எண்.

மணி பதினொன்று. இங்கேயும் உலை வேலைக்குப் போகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு நாளும் நான்கு மணிக்கு முன்பு அவன் பேசியதில்லை.

"பேசாம கேளு. ஜெஸ்லின ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. இப்பவே. யார்ட்டயும் சொல்லாத. சொன்னா பஸ்ல எடம் கெடைக்காது."

"நீங்க?"

போன் அணைந்திருந்தது.

ஜன்னலில் உலையின் குவிமாடம் எப்போதும்போல வெயிலில் வெள்ளையாக நின்றது.

மகளின் இரண்டு கவுன். ஆதார் அட்டைகள். கழுத்துச் சங்கிலி. பை நிறையவில்லை. வேறு என்ன எடுப்பது என்று தெரியவில்லை. புத்தகம் திறந்தபடி கட்டிலில் கிடந்தது.

முற்றத்தில் இறங்கினாள்.

மதிலுக்கு அப்பால் எல்சி அக்கா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைக்குட்டியும் ஜெஸ்லினும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. போன மாதம் ஜெஸ்லினுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து இழுத்தபோது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இந்த அக்காதான்.

"என்னம்மா, பையும் கையுமா?"

சொல்லிவிடலாம்.

வாயைத் திறந்தாள்.

பதினொன்றரைக்கு வருவது மினி பஸ் என்பது நினைவுக்கு வந்தது.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லக்கா."